மூன்றாம் மாடிக்கு ஏறிய பசு

எங்கள் பஜனை மடத்துக் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. நாளொன்றுக்கு இத்தனை பாட்டு என்று வரையறுத்துக்கொண்டுதான் பாராயணம் தொடங்குவோம். ஆனால் அந்த வரையறை போய் நிற்கும் இடம் அழுகையாகவோ பிரிவாகவோ அமைந்துவிட்டால் அங்கே வாயை மூட மாட்டோம். இன்னும் சில பாட்டுகளைக் கூட்டிச் சொல்லி, மங்கலமான ஓர் இடத்தை எட்டிய பிறகே நிறுத்துவோம். புளியோதரை ஆறிக்கொண்டிருந்தாலும் சரி, கோஷ்டியின் மூத்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, விதி விதிதான். நிறைவுப் பாட்டை இருமுறை சொல்வதும், கேட்டவர்க்கு இன்ன நன்மை உண்டாகும் என்று பயன் கூறி முடிப்பதும் அதே ஒழுங்கைச் சேர்ந்தவை. சிறுபிராயம் முதல் இப்படியே பழகிய நாக்கு என்னுடையது. அந்த நாக்கை நம்பி ஒரு தொடர்கதையை ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதை என் குடும்பத்தார் எண்பதுகளின் நடுவில் அறிந்துகொண்டார்கள்.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தேன். கூண்டில் ஏறும் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பது என் அன்றாடப் பணிகளுள் ஒன்று. படிப்பவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ராஜபாளையத்தில் மணம் முடித்துக் கொடுத்திருந்த என் ஒரே மகள் இரண்டாம் முறை கருவுற்றிருந்தாள். முதற்கரு தங்கவில்லை. இம்முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கட்டிலை விட்டு இறங்குதல் ஆகாது, பேருந்துப் பேச்சே கூடாது. ஆகவே, தாய்வீடு வந்திருக்க வேண்டியவள் மாமியார் வீட்டிலேயே படுத்திருந்தாள். தாய்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். நான் கோவில் பிரசாதத்தாலும் அண்டைவீட்டார் இரக்கத்தாலும் உயிர் தரித்திருந்தேன்.

படுத்திருந்தவளுக்கு வாய்த்த ஒரே ஆறுதல் ஒரு வார இதழில் வந்துகொண்டிருந்த தொடர்கதை. படுத்த நிலையில் படித்தால் அவளுக்குத் தலை சுற்றியது. மாப்பிள்ளைக்கு நூற்பு மில்லில் ஷிப்ட் வேலை. என் மனைவி எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வார இதழ் வந்துவிடும். சம்பந்தியம்மாளுக்கோ கதை பிடிக்கும், கண்ணாடி பிடிக்காது. எனவே வெள்ளிக்கிழமைதோறும், மதுரைப் பேருந்தில் வந்திறங்கும் இதழை வாங்கிக்கொண்டு, நீதிமன்றம் விட்டதும் ராஜபாளையம் போய் மூவருக்கும் வாசித்துக் காட்டும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

புதினங்களை நான் மதித்தவன் அல்லன். அவற்றை எப்படி வாசிப்பது என்பதும் எனக்குத் தெரியாது. பாசுரம் வாசிக்கும் இழுப்பிலேயே வாசித்தேன்.

“அப்பா, அவன் ஆபீசுல லீவு கேட்டு எழுதுறான். நீங்க பெருமாள்கிட்ட மோட்சம் கேக்குற மாதிரி வாசிக்கிறீங்க” என்றாள் மகள்.

“செத்த நேரம் சும்மா கேளு ஏட்டி. லீவும் கெடைக்கணும்ல?” என்றாள் அவள் தாய்.

“ராகம் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும் மதினி” என்றார் சம்பந்தியம்மாள். “அண்ணே, அந்த ஓரகத்தி சிறுக்கி நகைய எங்க ஒளிச்சு வச்சா? அதை மொதல்ல வாசிங்க.”

கதையின் நாயகி சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாழ்பவள், தொலைபேசி இலாகாவில் வேலை பார்ப்பவள். அவளைப் படாத பாடு படுத்துபவள் கணவனின் அண்ணன் மனைவி. ஏறத்தாழ என் மகள் கருவுற்ற காலத்திலேயே நாயகியும் கருவுற்றாள். அன்றிலிருந்து என் மகள் இருந்த வீட்டில் கதை கதையாக இல்லை. நாயகி மாங்காய் தின்றால் இங்கே மாங்காய் வந்தது. அவளுக்கு வளைகாப்பு நடந்த வாரம் என் மகள் தானும் வளையல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் வாசித்து முடித்ததும் என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னாள்:

“எனக்கும் அவளுக்கும் ஒரு ஒப்பந்தம்பா. அவளுக்கு எப்படி ஆகுதோ எனக்கும் அப்படித்தான் ஆகும். அவ நல்லபடியா பெத்து எழுந்துட்டான்னா, பொறவு எனக்குப் பயமே இல்ல.”

ஒருமுறை இழந்தவள் இப்படிச் சொல்லும்போது அவளிடம் தர்க்கம் பேச இயலுமா? “ஆகட்டும்” என்றேன். முகம் தெரியாத ஓர் எழுத்தாளரின் பேனா முனையில் என் மகளின் நிம்மதி போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் நானும் அந்தக் கதையை அலட்சியமாக வாசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு வியாழக்கிழமைப் பாராயணத்தில் அந்த ஓரகத்தியின் நினைவு வந்து இரண்டு அடிகளைத் தாண்டிப் போய்விட்டேன். மூத்தவர் முறைத்தார்.

கதைகளில் மாதங்கள் வேகமாக ஓடுகின்றன. என் மகளுக்கு ஏழு தொடங்கியபோது நாயகிக்கு நிறைமாதம். கடைசி அத்தியாயம் வரும் வெள்ளிக்கிழமையும் வந்தது. பேருந்து நிலையத்துக் கடைக்காரர் என்னைக் கண்டதும் இதழ்க்கட்டின்மேல் கையை வைத்து மறைத்தார்.

“வாங்காதீங்கய்யா” என்றார். கடைக்கு வந்தவனிடம் வாங்காதே என்று சொன்ன வியாபாரியை அன்றுதான் கண்டேன். “கொன்னுட்டான், பாவி.”

“யாரை?”

“அந்தப் புள்ளையத்தான். பிரசவத்துல. பால்கோவாக் கடையில கிண்டுன கைய நிறுத்திட்டு அம்புட்டுப் பேரும் இதைத்தான் பேசிக்கிட்டிருக்காக.”

பேருந்தில் ஏறினேன். முன்வரிசையில் அலுவலகப் பெண்மணி ஒருவர் இதழை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு விசும்பல். நடத்துநர் வந்தார். “யாரும்மா அழுவுறது? டிக்கெட் எடுத்துட்டு அழுங்க” என்றார். பிறகு தாமாகவே குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுலயும் மத்தியானத்துலருந்து அடுப்பு பத்தல” என்று ஒப்புக்கொண்டார்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் மடியில் பால்கோவாப் பெட்டி வைத்திருந்த பெரியவர். “போன வாரம் மல்லிப்பூ வாடிப்போச்சுன்னு எழுதுனான்ல? சும்மா இருக்கிற பூவை எதுக்கு வாட வைக்கணும்?”

நான் அத்தியாயத்தைப் படித்தேன். நாயகியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோகிறார்கள். கணவன் வெளியே நடக்கிறான். கதவு திறக்கிறது. டாக்டர் தலை குனிகிறார். அதன்பின் அரைப் பக்கத்துக்கு எழுத்தாளர் வாழ்க்கையைப் பற்றித் தத்துவம் பேசி, ஒரு கேள்விக்குறியைப் போட்டு, அதன் கீழே ‘முற்றும்’ என்று அச்சிட வைத்திருந்தார். எங்கள் மடத்தில் இப்படி ஓர் இடத்தில் ஒருவன் பாராயணத்தை நிறுத்தியிருந்தால் மூத்தவர் புளியோதரையையும் மறுத்து எழுந்து போயிருப்பார்.

பேருந்து ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் நிற்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். எழுத்தாளர் நிறுத்திய இடத்தில் நான் நிறுத்தப் போவதில்லை. மங்கலமான இடம் வரும்வரை பாராயணம் சற்று நீளும், அவ்வளவே. இதைப் பொய் என்று யார் சொல்வது? நீதிமன்றத்தில் இந்த வாதம் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது நான் இறங்கியது நீதிமன்றத்தில் அல்ல.

சம்பந்தியம்மாள் வாசலிலேயே காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணே, அடுத்த வீட்டுக்காரி சொல்லிட்டா. உள்ள அவகிட்ட நான் மூச்சு விடல. இப்ப என்ன செய்யப் போறீக?”

“வாசிக்கத்தான் போறேன்.”

“ஐயோ!”

“கூடக் கொஞ்சம் வாசிக்கப் போறேன்.”

 அவர் தம் முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பிரசவ அறையின் கதவு வரையில் எழுத்தாளரின் எழுத்தை அடி பிசகாமல் வாசித்தேன். கதவு திறந்தது. அச்சில் டாக்டர் தலை குனிந்தார். நான் நிமிர்த்தினேன். “தாயும் சேயும் நலம் என்று டாக்டர் முறுவலித்தார்” என்றேன். கட்டிலில் ஒரு நீண்ட மூச்சு வெளிவந்தது. அந்த மூச்சைக் கேட்டதும் எனக்குத் துணிவு பெருகிவிட்டது. அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கடைசி அத்தியாயம் இவ்வளவு சுருக்கமாக இருக்குமா என்று அவள் ஐயுறக் கூடுமே என்று மேலே சென்றேன்.

வெறுங்காற்றிலிருந்து வாசிக்க எனக்குப் பழக்கமில்லை. கண்ணுக்கு ஏதேனும் எழுத்து வேண்டும். எதிர்ப்பக்கத்தில் விளம்பரங்கள் இருந்தன. முதலில் ஒரு லேகியப் புட்டி. எனவே கணவன் கையில் லேகியப் புட்டியுடன் ஓடி வந்தான். அதன் கீழே ஒரு பிரஷர் குக்கர். ஆகவே ஓரகத்தி மனம் திருந்தி, ஒளித்துவைத்த நகைகளைத் திருப்பித் தந்து, புதுக் குக்கரில் பத்தியச் சோறு ஆக்கிக் கொண்டுவந்தாள். அத்துடன் பக்கம் தீர்ந்தது. அதற்கப்பால் என்னிடம் இருந்தது ஆயுள் முழுதும் ஓதிச் சேர்த்த சரக்கு மட்டுமே. தீங்கின்றி மழை பொழிந்தது. வயல்கள் விளைந்து சாய்ந்தன. மடி கனத்த பசு ஒன்று நாயகியின் வாசலில் வந்து நின்று, வைத்த குடங்களையெல்லாம் பாலால் நிறைத்தது.

“அண்ணே” என்றார் சம்பந்தியம்மாள். உடந்தையாக இருந்தும் அவரால் பொறுக்க முடியவில்லை. “அவ மூணாவது மாடியிலல்ல இருக்கா? பசு எப்படி ஏறுச்சு?”

“ஏறிருச்சு மதினி” என்றாள் என் மனைவி அமைதியாக. “நல்ல நேரம் வந்தா ஏறும்.”

“இதனைக் கேட்டவர் யாவரும் நன்மக்களைப் பெற்று நெடிது மகிழ்வர்” என்று நிறைவு செய்தேன். நாக்கு அதோடு அடங்கவில்லை. அதே வாக்கியத்தை அதே இழுப்பில் மறுமுறையும் சொன்னது. என் மனைவி பழக்கதோஷத்தால் கைகுவித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்துச் சம்பந்தியம்மாளும் ஒற்றிக்கொண்டார்.

“கடைசி வரிய ரெண்டு தடவ அச்சடிச்சிருக்கானா?” என்றாள் மகள்.

“முக்கியமான வரி” என்றேன்.

“நடையே வேற மாதிரி இருக்கேப்பா.”

“முடிவுன்னா அப்படித்தான் இருக்கும்” என்றாள் தாய்.

“சரி, பிள்ளை ஆணா பொண்ணா?”

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி “பொண்ணு” என்றாள். அதே கணத்தில் சம்பந்தியம்மாள் “பையன்” என்றார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீதிமன்றத்தில் இரண்டு சாட்சிகள் இப்படி முரண்பட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். நான் அதை எழுப்பி நிறுத்தினேன்.

“ரெண்டும்தான். இரட்டைப் பிள்ளை.”

“எங்க, குடுங்க பாப்போம்” என்று அவள் இதழுக்குக் கை நீட்டினாள். சம்பந்தியம்மாள் அதை என் கையிலிருந்து பறித்தார். “முறுக்குச் சுடப் போறேன். எண்ணெய் வடியத் தாள் வேணும்” என்று அடுக்களைக்குள் போய்விட்டார். அன்று அந்த வீட்டில் முறுக்குச் சுடும் எண்ணமே எவருக்கும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டி மாவு பிசையப்பட்டது. கதையின் உண்மையான முடிவு எண்ணெயில் ஊறி, பிறகு வெந்நீர் அடுப்பில் எரிந்தது.

முறுக்குப் பொட்டலத்துடன் ஊர் திரும்பும்போது எனக்கு உள்ளூரப் பெருமிதம். நல்ல முடிவு எழுதுவது இத்துணை எளிதாயிருக்க, இந்த எழுத்தாளர்கள் ஏன் இப்படி அஞ்சிச் சாகிறார்கள் என்று ஓடும் பேருந்தில் எண்ணி எண்ணி வியந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவ்வீட்டு வாசலில் என்னை வழிமறித்தவர் நர்ஸ் அம்மா. அருகிலுள்ள தேவாலயத் தெருவில் குடியிருந்தவர், வேலை முடிந்து போகும்போது என் மகளின் வயிற்றில் குழலை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுச் சொல்பவர். தொடர்கதையின் தீவிர வாசகியுங்கூட.

“ஐயா, நீங்க என்னதான் வாசிச்சீங்க? உங்க பொண்ணு குழல எடுக்கவே விட மாட்டேங்குது. இன்னொண்ணு எங்க, இன்னொண்ணு எங்கங்குது. ஒரு வாரமா சரியாச் சாப்பிடல, தூங்கல.”

உள்ளே போனேன். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“ரெண்டு இருந்தா என் உடம்பு தாங்காதுப்பா” என்றாள் திரும்பாமலே. “ஒண்ணுதான்னு சிஸ்டர் சொல்றாங்க. ஒண்ணுன்னா அவ வேற, நான் வேற. ஒப்பந்தம் போச்சு. எந்தப் பக்கம் போனாலும் முட்டுது. அந்த எழுத்தாளருக்கு எதுக்கு இந்த வேலை? ஒரே பிள்ளையோட நிறுத்தியிருக்கக் கூடாதா? முடிவக் கெடுத்துட்டாரு.”

வெளியே வந்து நின்றேன். முடிவைக் கெடுத்துவிட்டார்! ஊரெல்லாம் அந்த எழுத்தாளரைப் பார்த்துச் சொன்ன சொல் இப்போது என்னை வந்து அடைந்திருந்தது. அப்போது என் மனத்தில் முதலில் எழுந்த எண்ணத்தைச் சொன்னால் நகைப்பீர்கள். எழுதியது எழுதியதுதான், வாசகர்களுக்காக மாற்ற மாட்டேன் என்றே தோன்றியது.

“மாத்துங்க” என்றார் நர்ஸ் அம்மா.

“வெளிவந்த முடிவை எப்படிம்மா மாத்துறது?”

“மாடியில பசுவ ஏத்தத் தெரியுதுல்ல?” அவருக்கு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. “நானே அந்த ஆளு மேல கொதிச்சுப் போயிருக்கேன். ரத்தம் ஏத்தணும்னு ஒருத்தருக்குமா தோணல? வெறுமனே தலையக் குனியிறதுக்கு டாக்டர் எதுக்கு? நீங்க காப்பாத்துனதுல தப்பில்ல. ஆனா ஒண்ணு கூடிப்போச்சு. அந்த ஒண்ணப் பக்கத்துக் கட்டிலுக்கு அனுப்பிருங்க.”

அவ்வார இதழில் புதிய தொடர் தொடங்கியிருந்தது. நான் சமையற்குறிப்புப் பக்கத்தைப் பிரித்து, வற்றல் குழம்பு செய்முறையின்மேல் கண்ணை ஊன்றி, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“ஆசிரியரிடமிருந்து ஒரு திருத்தம். சென்ற வாரம் நாயகிக்கு உரியனவாகக் கூறப்பட்ட இரு மகவுகளுள் ஒன்று பக்கத்துக் கட்டிலைச் சேர்ந்தது. செவிலியரின் கைத்தவற்றால் அருகே கிடத்தப்பட்ட அம்மகவு உடனே உரிய தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. நாயகிக்குப் பிறந்தது ஒன்றே. தாயும் சேயும் நலம். வாசகர்கள் மன்னிக்க.”

 மகள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

“பக்கத்துக் கட்டில்காரி தேடித் தவிச்சிருப்பாளே, பாவம்.”

“போலீசுக்குப் போகாம முடிஞ்சுச்சே, அதைச் சொல்லு” என்றார் சம்பந்தியம்மாள்.

“எங்க ஆசுபத்திரில இந்த மாதிரியெல்லாம் நடக்காது” என்று நர்ஸ் அம்மா முந்திக்கொண்டார். தாமே கொடுத்த யோசனை தம் தொழிலின்மேல் வந்து விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

“ஆணா பொண்ணான்னு போட்டிருக்கா?” என்று கேட்டாள் மகள்.

இம்முறை நான் என் மனைவியையும் சம்பந்தியம்மாளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “போடல” என்றேன்.

“தப்ப ஒத்துக்கிட்டாருல்ல, நல்ல மனுசன்” என்றாள் மகள். பிறகு தோசை வேண்டும் என்றாள்.

நிறைமாதத்தில் ஒரு முற்பகல் நீதிமன்றத்துக்குத் தொலைபேசி வந்தது. சாட்சி ஒருவரைப் பாதிப் பிரமாணத்தில் நிறுத்திவிட்டு ஓடினேன். மறுமுனையில் மாப்பிள்ளை. “மாமா, பொண்ணு பிறந்திருக்கு. தாயும் சேயும் நலம்.” நான் இயற்றிய வாக்கியத்தை யாரோ எனக்கே வாசித்துக் காட்டியதுபோல் இருந்தது. “இன்னொரு முறை சொல்லுங்க” என்றேன். அவர் இன்னொரு முறை சொன்னார்.

அதன்பின் பல ஆண்டுகள் அந்தக் கதையைப் பற்றிய பேச்சே எழவில்லை. தொண்ணூறுகளில் ஓர் ஆடித் தேருக்கு மகள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தாள். தேர் நிலைக்கு வந்த மறுநாள், நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்த தடித்த புத்தகத்தின் தலைப்பை நான் இருமுறை படித்தேன். அதே கதை, புத்தகமாக வந்திருந்தது. பகலெல்லாம் கூடத்தில் ஊஞ்சலில் அமர்ந்து படித்தாள். நான் ஓதுவதுபோல் பாவனை செய்துகொண்டு அவள் புரட்டும் பக்கங்களையே கவனித்துக்கொண்டிருந்தேன். மாலையில் ஊஞ்சல் நின்றது.

“அப்பா, இவரு அவளைக் கொன்னுட்டாரு.”

“ஆமாம்மா.”

“பசு?”

“பசு இல்ல.”

“பக்கத்துக் கட்டிலு?”

“அதுவும் இல்ல.”

புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். பிறகு சிரித்தாள். “பசு மாடி ஏறுனப்பவே எனக்குச் சந்தேகம்தான். உடனே ரெட்டைப் பிள்ளைன்னு குண்டத் தூக்கிப் போட்டீங்க பாருங்க, அந்தப் பயத்துல சந்தேகமெல்லாம் பறந்து போச்சு.” சிரித்துக்கொண்டே இருந்தவளின் குரல் இறங்கியது. “ஆனா இம்புட்டு வருசமும் அவ சென்னையில எங்கயோ பிள்ளைய வளர்த்துக்கிட்டு இருக்கான்னுதான் நெனச்சேன். எம் மக பள்ளிக்கூடம் போன அன்னிக்கு, அவ மகளும் இன்னிக்குப் போயிருப்பான்னு நெனச்சேன்.”

 ஊரார் எல்லோரும் என்றோ அழுது தீர்த்த அழுகை அவளுக்கு மட்டும் இத்தனை காலம் தள்ளி வைக்கப்பட்டு, இப்போது வந்து சேர்ந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை என்முன் நீட்டினாள்.

“இந்த இடத்துல நிறுத்தக் கூடாதுல்லப்பா. வாசிங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். புத்தகத்தில் லேகியமும் இல்லை, குக்கரும் இல்லை. ‘முற்றும்’ என்பதற்கு அப்பால் எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைத் தாள், அதன் மூலையில் நூலகத்தின் முத்திரை. அதன்மேல் கண்ணை ஊன்றிப் பழைய இழுப்பிலேயே தொடங்கினேன். டாக்டர் தலையை நிமிர்த்தினார். ஓரகத்தி திருந்தினாள். மழை பொழிந்தது. அடுக்களையில் இருந்த என் மனைவி இழுப்பைக் கேட்டு, விவரம் ஒன்றும் தெரியாமலே கைகுவித்தபடி வந்து நின்றாள். நிறைவு வரியை இருமுறை சொன்னேன்.

பசுவை மட்டும் இம்முறை கீழேயே கட்டிவிட்டேன்.